கடுக்காய் ஜீப்பில் மீனெண்ணெய்

உச்சி வெயில். பட்டறை வாசலில் அந்த ஜீப் வந்து நின்றது. டிரைவர் ஏகாம்பரம் குதித்து இறங்கினான். பக்கத்து சீட்டிலிருந்து கமலம்மா புடவையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பின்னால் வேறு யாரும் இல்லை. காலிச் சாக்குகள்தான் கிடந்தன.

இருவரும் நான் நின்ற நிழலுக்கு வந்தார்கள். "இன்னாடா ஏகாம்பரம், வண்டிக்கு இன்னா?" என்று கேட்டேன். அவன் ஜீப்பைப் பார் என்று மோவாயால் காட்டினான்.

பார்த்தேன். ஒரு எழவும் தெரியவில்லை. நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. தோல் பதனிடுகிற ஷாப்புகளின் வாடை காற்றில் வந்து வந்து போயிற்று. நான் சலித்துப்போய் உள்ளே திரும்பப் போனபோது, ஆளே இல்லாத அந்த ஜீப், ஸ்டியரிங் பக்கமாக, மெல்ல மேலே எழும்பிற்று. அடியில் பட்டை ஸ்பிரிங் முனகியது. உடம்பு கனத்த ஒருவர் முட்டியில் கையூன்றிச் சாவகாசமாக இறங்கினால் வண்டி எப்படி நிமிருமோ, அப்படி நிமிர்ந்தது.

"எறங்கிட்டாரு," என்றார் கமலம்மா.

யார் என்று நான் கேட்கவில்லை. அவருடைய வீட்டுக்காரர் சாம்பசிவம் அதே ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்தபடி இறந்துபோய் அப்போது வருஷம்கூடத் திரும்பவில்லை.

பயமும் கோபமும்

பயப்படவில்லை என்று எழுதினால் அது புளுகு. ஆனால் எனக்குப் பயம் வந்தால் கூடவே கோபமும் வந்துவிடும். இந்தத் தொடரைப் படிக்கிறவர்களில் சிலர், 'உமக்கு வாய் ஜாஸ்தி' என்று எழுதியிருக்கிறார்கள். வாஸ்தவம்தான். ஆம்பூர் நெடுஞ்சாலை ஓரத்தில் பட்டறை வைத்துப் பிழைத்தவனுக்கு வாயும் இல்லாவிட்டால் வேறு என்ன இருக்கும்?

"எவன்டா இந்த வண்டி ஷாக்கத் தொட்டது?" என்று ஏகாம்பரத்தின் மேல் பாய்ந்தேன்.

"ஷாக்கா? அண்ணே, முதலாளி உள்ள குந்தினு கீறாருன்னு மலை மேல அத்தினி பொம்பளைங்களும் சொல்றாங்க. நீ ஷாக்கு, ஸ்பிரிங்குன்னு பேசுற."

"குந்தட்டும். குந்துறதுக்கு எடம் இருக்குதில்ல? அது இல்ல என் கேள்வி."

கமலம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கப்புறம் கொஞ்சம் அடக்கி வாசித்தேன்.

எண்ணெய்தான் உயிர்

எழுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கம் ஓடிய ஜீப்புகளில் பாதி, பட்டாளத்தில் ஏலம் போட்டவை. மலைக்கும் காட்டுக்கும் அவைதான் போகும். அவற்றுக்குப் புது ஷாக் அப்சார்பர் கிடைக்காது. பழசைத்தான் திறந்து, கழுவி, திரும்பக் கட்ட வேண்டும். அதுதான் என் தொழில்.

அது என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குழியில் சக்கரம் விழுந்தால் ஸ்பிரிங் வண்டியைத் தூக்கித் தூக்கிப் போடும். 'போதும் அடங்கு' என்று அதைப் பிடித்து நிறுத்துவது ஷாக். ஒரு இரும்புக் குழாய், உள்ளே ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சின்னச் சின்ன ஓட்டை, சுற்றிலும் எண்ணெய். எண்ணெய் அந்த ஓட்டை வழியாகப் புகுந்து போகிற வேகம்தான் எல்லாம். எண்ணெய் நீர்த்திருந்தால் வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளும். கெட்டியாக இருந்தால் அழுந்தின வண்டி எழும்பாது.

நான் குழாயின் தலையை அறுத்து, மரை போட்டு, திருகுமூடி வைத்துக் கொடுப்பேன். அடுத்த தடவை அறுக்க வேண்டியதில்லை, திறந்து ஊற்றலாம். எண்ணெய் ஒழுகாமல் இருக்க உள்ளே ரப்பர் சீல் வேண்டும். அந்தக் காலத்தில் நல்ல ரப்பர் எங்கே கிடைத்தது? தோல் வாஷர்தான். அதை வெட்டிக் கொடுத்தவர் ரஷீத் பாய். என் பட்டறையின் பாதி அவருடையது. தோல் ஷாப்புகளில் மிஞ்சும் கெட்டித் தோலை வாங்கி, மெழுகில் ஊறவைத்து, கிண்ணம் மாதிரி அழுத்தி எடுப்பார். தோல் எங்கள் ஊரில் செருப்பாகும், பையாகும், ஜீப்பின் வயிற்றுக்குள்ளும் போகும்.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் ஊரில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம். சோளிங்கரில் யாத்ரீகர்களை ஏற்றும் ஒரு ஆள் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வந்தார். மார்கழி விடியலில் அது உறைகிற மாதிரி ஆகி, வண்டி கட்டை வண்டியாகிவிட்டது. சாமி பார்க்க வந்தவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மலையேறினார்களாம். கலவைக்காரர் ஒருவர் கியர் ஆயிலை ஊற்றிவிட்டு, 'காசு ஜாஸ்தி குடுத்து வாங்குனது, கெட்டியா கீது, நல்லதுதானே?' என்று கேட்டார். கெட்டி என்றால் நல்லது என்பது சாம்பாருக்குச் சரி.

எனக்கு ஒரு பரீட்சை உண்டு. கண்ணாடி பாட்டிலில் எண்ணெயை ஊற்றி, பேரிங்கிலிருந்து கழற்றிய ஒரு குண்டை உள்ளே போடுவேன். 'முருகா' என்று நான் நிதானமாகச் சொல்லி முடிக்கும்போது குண்டு அடியைத் தொட வேண்டும். அதற்கு முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. ரஷீத் பாய் 'யா அல்லா' என்று சொல்லிப் பார்ப்பார். இரண்டும் ஒரே நீளம்தான் என்று சிரிப்பார். அந்தப் பதத்துக்கு வருகிற எண்ணெய் குடியாத்தத்தில் கிடைத்தது. விசைத்தறிக்கு ஊற்றுகிற ஸ்பிண்டில் ஆயில். வெயிலிலும் குளிரிலும் குணம் மாறாது. அதில் ஒரு பங்கு இஞ்சின் ஆயில் கலந்தால் மலைப்பாதைக்கு அதுவே தேவாமிர்தம்.

சாம்பசிவத்தின் நியாயம்

சாம்பசிவம் கடுக்காய் கான்ட்ராக்டர். ஜவ்வாது மலையில் பெண்களை வைத்துக் கடுக்காய் பொறுக்கி, மூட்டை கட்டி, ஆம்பூர் தோல் ஷாப்புகளுக்குக் கொண்டுவந்து போடுவார். தோல் பதனிட அது வேண்டும். கனத்த உடம்பு, முட்டி வலி. நல்ல மனுஷன், ஆனால் பிடித்தால் பிடிவாதம். காலை முழுக்கத் தோல் ஷாப்பு முற்றங்களிலேயே கிடப்பதால் அவர் சட்டை எப்போதும் மீனெண்ணெய் நாறும். பதமான தோலுக்கு மென்மைக்காகத் தடவுகிற எண்ணெய் அது. அவர் வருவதற்கு முன்னால் அவர் வாடை வந்துவிடும்.

ஒருநாள் அந்த எண்ணெயை ஒரு டின்னில் எடுத்துக்கொண்டு வந்தார். "துரை, இத ஊத்து."

"மீனெண்ணெயா? எங்க ஊத்த, கொழம்புலயா?"

"ஷாக்குல. உள்ள இருக்குற வாஷர் தோலா இல்லியா? தோலுக்கு எது நல்லதுன்னு தோல் ஷாப்புக்காரனுக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா?"

எங்கள் ஊர் ஆள் ஒருவனுக்குத்தான் இந்த நியாயம் தோன்றும். வேறு ஊர்க்காரன் ஷாக்கைப் பார்த்தால் இரும்பைப் பார்ப்பான். இவர் தோலைப் பார்த்தார். ரஷீத் பாய்கூட ஒரு நிமிஷம் தலையை ஆட்டிவிட்டார். மீனெண்ணெய் ஊற்றும்போது இளகலாக இருக்கும், சூடும் காற்றும் பட்டுப் பட்டு ஜவ்வாகிவிடும் என்று தொண்டை வறளச் சொன்னேன். கேட்கவில்லை. "அப்போ நீயே ஊத்திக்கோ," என்றேன். கோபித்துக்கொண்டு போனார். நான் வைத்த திருகுமூடியைத் தானே திறந்து ஊற்றிக்கொள்வார் என்று யார் கண்டது?

பிறகு சில வாரங்களில் இறந்துவிட்டார். தோல் ஷாப்பு முற்றத்தில் ஜீப்பை நிறுத்தி, உட்கார்ந்தபடியே. கூலிக்காரர்கள் மூட்டையெல்லாம் இறக்கி முடிக்கிறவரை யாருக்கும் தெரியவில்லை. வண்டி நின்றதும் இறங்குகிற பழக்கம் அவருக்கு எப்போதுமே கிடையாது. ஒரு பீடி பிடித்து, வெறுமனே கொஞ்சம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் இறங்குவார். உட்கார்ந்திருக்கிறார் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கமலம்மா சொன்னது

அன்றைக்குப் பட்டறையில் ஒரு டயரின் மேல் உட்கார்ந்து கமலம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தம்பி, வூட்டுக்கு வந்தா நான் மொதல்ல எறங்கி உள்ள பூடுவேன். அவரு வண்டியிலயே குந்தினு இருப்பாரு. நான் அடுப்பாண்ட இருந்துகினே காதத் தீட்டினு இருப்பேன். ஸ்பிரிங் சத்தம் கேட்டா, எறங்கிட்டாருன்னு அர்த்தம். தட்டு வெச்சி சோறு போட்டுடுவேன். இத்தினி வருசமா அதான் வழக்கம்."

புடவைத் தலைப்பை மடியில் நீவிவிட்டார்.

"அவரு போனப்புறம் ஒரு நாள் ஏகாம்பரம் வண்டிய வாசல்ல வுட்டுட்டுப் பூட்டான். நானும் உள்ள வந்துட்டேன். கொஞ்ச நாழில ஸ்பிரிங் சத்தம் கேட்டுது. சோறு போட்டுட்டேன் தம்பி. போட்டப்புறந்தான் நெனப்பு வந்துது. வெளிய ஓடிப் பாத்தா யாரும் இல்ல. ஆனா அவரு வாட அடிக்குது. அந்த மீனெண்ண வாட."

ரஷீத் பாய் வெட்டிக்கொண்டிருந்த தோலைக் கீழே வைத்துவிட்டார்.

அதன் பிறகு தினமும் மத்தியானம் கமலம்மா ஜீப்பில் போய் உட்காருவாராம். இறங்கி நிற்பாராம். அவர் இறங்கின பிறகு இன்னொருவர் இறங்குவதைப் பார்த்துவிட்டு உள்ளே போவாராம்.

ஏகாம்பரம் குறுக்கே புகுந்தான். "அத்தோட நிக்கலையே அண்ணே. மலையில எறங்குறப்போ வண்டிய யாரோ கீழ அமுக்குறாங்க. அமுக்கினே இருக்காங்க. போன வாரம் வளைவுல சக்கரம் ரோட்டையே புடிக்கல. பின்பக்கம் இழுத்துகினு ஓரத்துக்குப் பூட்ச்சி. இன்னும் ஒரு சாண் போயிருந்தா அம்புட்டுதான். அதுலேர்ந்து பொம்பளைங்க ஏற மாட்டேங்குறாங்க. நானும் ஓட்ட மாட்டேன். இன்னைக்கே சொல்லிட்டேன்."

டிரைவர் போய், ஆட்களும் போனால் அந்த வருஷக் கடுக்காய் மலையிலேயே கிடந்து வீணாகும். கமலம்மாவுக்குப் பிழைப்பு அந்த ஒன்றுதான். அது அவருக்கும் தெரியும்.

"சரி பண்ணிக் குடு தம்பி," என்றார். "ஆனா அவர வெரட்டிடாத."

தொழிலில் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு வேலையை எவரும் என்னிடம் கொடுத்ததில்லை.

பாட்டிலுக்குள் குண்டு

ஜீப்பைப் பட்டறைக்குள் தள்ளி நிறுத்தி, அடியில் படுத்தேன். நெருங்க நெருங்க அந்த வாடை. சாம்பசிவம் என் தலைமாட்டில் குனிந்து நின்று, 'இன்னா துரை' என்று கேட்கப்போகிற மாதிரியே இருந்தது. சட்டென்று திரும்பிப் பார்த்தேன். ஏகாம்பரத்தின் கால்தான்.

ஸ்டியரிங் பக்கத்து முன் ஷாக்கைக் கழற்றி எடுத்து, பெஞ்சில் வைத்து மூடியைத் திறந்தேன். கவிழ்த்தால் ஒன்றும் வரவில்லை. குலுக்கின பிறகு, வெல்லப்பாகு முற்றின மாதிரி, கறுப்பாக, இழை இழையாக வந்தது. பட்டறை முழுக்க மீன் நாற்றம். அதைப் பாட்டிலில் விட்டுக் குண்டைப் போட்டேன்.

குண்டு மேலேயே உட்கார்ந்துகொண்டது. முருகா என்றேன். ரஷீத் பாய் யா அல்லா என்றார். ஏகாம்பரம் தன் குலசாமியைக் கூப்பிட்டான். ஊரில் உள்ள அத்தனை சாமியையும் கூப்பிட்டு முடித்தும் குண்டு பாதி வழியைத் தாண்டவில்லை. நாங்கள் மூச்சுவிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பாருங்க அக்கா," என்றேன். "இதான் கத. ஆளு எறங்கினாலும் இந்த எண்ண வண்டிய எழும்ப வுடாது. ஓட்டையில நொழஞ்சி நொழஞ்சி, அப்புறமா மெல்ல எழும்பும். அதான் நீங்க பாத்தது. மலைப்பாதையில குழி மேல குழி வருதில்ல? ஒண்ணுல அமுங்குன வண்டி எழும்புறதுக்குள்ள அடுத்த குழி. அமுங்கிக்கினே போவும். கடைசியில சக்கரத்துக்கு ஆட எடமே இருக்காது. வளைவுல இழுத்தது அதனாலதான். பேயும் இல்ல, பிசாசும் இல்ல. வாடையும் இந்த எண்ண வாடதான். சூடானா கசியுது."

சொல்லி முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. எவ்வளவு தெளிவாக நிரூபித்துவிட்டேன்!

கமலம்மா பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டார். "இத அவரு ஊத்துனதா?"

"ஆமா. நான் ஊத்த மாட்டேன்னேன்."

"அவரு கையாலயே ஊத்துனது."

"ஆமாக்கா."

"அப்போ நான் சொன்னது நெசந்தான தம்பி? அவருதான உள்ள இருக்குறாரு."

என் பெருமை எல்லாம் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அவர் பாட்டிலைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். அந்தக் குண்டு இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள்

நான் ஊற்றப்போகிற எண்ணெயை எடுத்துக் காட்டினேன். முகர்ந்து பார்த்தவர் லேசாகச் சிரித்துவிட்டார். அவர் குடியாத்தம் தறிக்காரர் வீட்டுப் பெண். "எங்க அண்ணன் வூட்டுத் தறி எண்ணையாச்சே இது. எங்க வூட்டுது எதுவும் அவருக்கு ஆவாது தம்பி. பொங்கச்சீரு குடுத்தாகூட மூஞ்சத் திருப்பிக்குவாரு."

பிறகு கேட்டார். "ஸ்டியரிங் பக்கம் மட்டும் பழசையே வுட்டுடு. மத்த மூணுலயும் இத ஊத்து."

"ஒரு பக்கம் எழும்பி ஒரு பக்கம் எழும்பலன்னா வண்டி கவுந்துடும்க்கா."

"பாதி பாதி கலந்து ஊத்தேன்."

"முடியாதுக்கா."

அவர் கண் நிரம்பிவிட்டது. ரஷீத் பாய் என்னைப் பார்த்தார். 'ஏதாவது செய்யேன்' என்பது மாதிரி ஒரு பார்வை. கலந்து ஊற்றித் தொலைத்துவிடலாமா என்று எனக்கும் ஒரு கணம் சபலம் தட்டியது. அப்போதுதான் ஏகாம்பரம் வாயைத் திறந்தான். அதுவரை இல்லாத தணிந்த குரல்.

"அம்மா, முதலாளி எனக்கு சோறு போட்டவரு. அவரப் பத்தித் தப்பா பேச எனக்கு வாய் வராது. ஆனா அன்னிக்கு வளைவுல, பின்னால குந்தினு இருந்தவங்கள்ல என் ஊட்டுக்காரியும் ஒருத்தி. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு இருந்தேன்."

கமலம்மா அவனை நிமிர்ந்து பார்த்தார். "செல்வியா?"

"ஆமாம்மா. வயித்துல புள்ள வேற."

கமலம்மா பாட்டிலைப் பெஞ்சில் வைத்தார். மூக்கைச் சிந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மாத்திடு தம்பி. நாலுலயும் மாத்திடு," என்றார். "ஆனா மாத்துறதுக்கு முன்னால அவரு எறங்கட்டும்."

வழி

கமலம்மா போய்ப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். எப்போதும் உட்காருகிற மாதிரி, மடியில் கையை வைத்துக்கொண்டு. உதடு அசைந்தது. ஸ்டியரிங் பக்கம் பார்த்து ஏதோ சொன்னார். எங்களுக்குக் கேட்கவில்லை. கேட்க முயற்சியும் செய்யவில்லை.

வெயில் தகரக் கூரையில் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. அவர் இறங்கினார். இறங்கி, வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றார். அவர் உட்கார்ந்திருந்த பக்கம் மெல்ல எழும்பி நின்றது. அது எண்ணெயின் வேலை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அப்புறம் ஸ்டியரிங் பக்கம் அசைந்தது.

அந்தப் பக்கத்து முன் ஷாக்கைத்தான் நான் கழற்றிவிட்டேனே. அது பெஞ்சில், என் முழங்கைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஷாக் இல்லாத ஸ்பிரிங் அசைந்தால் துள்ளும், ஆடும். இது துள்ளவில்லை. ஒரு தரம் கீழே அழுந்தி, சாவகாசமாக, முனகிக்கொண்டே மேலே வந்து நின்றது. பட்டை ஸ்பிரிங்கில் துரு பிடித்திருக்கும் என்று ரஷீத் பாய் பிற்பாடு சொன்னார். இருக்கலாம். அன்றைக்கு அவர் அதைச் சொல்லவில்லை. தலையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார்.

"வாங்க, போலாம்," என்றார் கமலம்மா. எங்களிடம் சொல்லவில்லை.

அவர் வாசல் பக்கம் நடந்தார். தனியாக நடக்கிறவர் நடக்கிற வேகம் இல்லை அது. பக்கத்தில் கால் வலிக்காரர் ஒருவர் வந்தால், அவருக்காக அளந்து வைக்கிற அடி. வழியில் ஏகாம்பரம் நின்றிருந்தான். கமலம்மாவுக்கு ஒரு பக்கம் ஒதுங்கினால் போதும். அவன் தாராளமாக, இரண்டு ஆள் போகிற அளவுக்குப் பின்னால் நகர்ந்து, தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

அடுத்தபடி நான் நின்றேன். பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று அரைமணி நேரம் முன்னால் அடித்துப் பேசிய நான். என் கால் தானாக நகர்ந்தது. மண்ணில் கிடந்த ஜாக்கியையும் ஓரமாக இழுத்துப் போட்டேன், தடுக்கப்போகிறதே என்று.

இருவரும் தெருக்கோடி திரும்புகிறவரை நான் ஸ்பேனரைக் கையால் தொடவில்லை.